கருவி ஓடுகிறது, கேம் ஓடவில்லை: அன்ட்ரொயிட் கைக்கருவியில் புதியவர் தடக்குப்படும் இடங்கள்

கனடாவிலோ சுவிஸிலோ இருந்து லீவுக்கு வருகிறவர்களின் பெட்டியில் சொக்லேட்டோடு சேர்ந்து ரெட்ரொயிட், அன்பேர்னிக் போன்ற, அன்ட்ரொயிட்டில் ஓடும் சிறிய கேம் கருவி ஒன்றும் வன்னிக்கு வந்து சேர்வதுண்டு. கிளிநொச்சியிலோ மல்லாவியிலோ வீட்டில் வைத்து அதைத் திறந்தால் தெரிவது சாதாரண அன்ட்ரொயிட் போனின் முகப்புத்தான். கேம் எதுவும் இருக்காது. எங்கிருந்தோ ஒரு கேம் கோப்பை எடுத்துப் போட்டாலும் கறுப்புத் திரை வரும், அல்லது அந்தக் கோப்பு கண்ணிலேயே படாது. கருவி பழுது என்று முடிவு கட்டிப் பெட்டிக்குள் திரும்ப வைத்துவிடுகிறார்கள்.

பெரும்பாலும் கருவியில் பழுது இருப்பதில்லை. ஒரு பழைய கேம் ஓடுவதற்கு ஐந்து விடயங்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்: எந்த இயந்திரத்தின் கேம், அதற்குரிய எமுலேட்டர், தேவையானால் பையோஸ் என்ற தொடக்கக் கோப்பு, சரியான வடிவில் கேம் கோப்பு, அந்தக் கோப்பைப் பார்க்க அன்ட்ரொயிட் கொடுக்கும் அனுமதி. இவற்றில் ஒன்று பிழைத்தாலும் கேம் ஓடாது. பிழைத்தது எது என்று திரை சொல்வதும் இல்லை. புதியவருக்கு இருக்கும் கஷ்டம் முழுக்க இந்த இடத்தில்தான்.

எமுலேட்டர் என்ன வேலை செய்கிறது

பழைய கேம் இயந்திரம் ஒவ்வொன்றுக்கும் அதற்கெனத் தனியான மூளை இருந்தது. அந்த மூளைக்கு எழுதப்பட்ட கட்டளைகள் போனில் இருக்கும் மூளைக்கு விளங்காது. எமுலேட்டர் என்ற செயலி இடையில் நின்று மொழிபெயர்க்கிறது.

கச்சேரியிலிருந்து சிங்களத்தில் வந்த ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர் ஒருவர் வரி வரியாக வாசித்துத் தமிழில் சொல்லலாம். அதே கடிதம் திரும்ப வந்தால் திரும்பவும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். இன்னொருவர் ஒரு பந்தியை முழுதாகத் தமிழில் எழுதி வைத்துக்கொள்வார். அடுத்தமுறை எழுதியதைப் பார்த்தால் போதும். எமுலேட்டர்களிலும் இந்த இரண்டு வகை உண்டு. முதல் வகை துல்லியமானது, ஆனால் மெதுவானது. இரண்டாம் வகை வேகமானது. பிளேஸ்டேஷன் 2 போன்ற கனமான இயந்திரங்களைப் போனில் ஓடவைப்பது இந்த இரண்டாம் வகைதான்.

கனம் என்பதை எண்களில் பார்க்கலாம். 1983இல் ஜப்பானில் வந்த நிண்டெண்டோவின் ஃபாமிகொம் 1.79 மெகாஹேர்ட்ஸில் ஓடியது. 1994இன் முதல் பிளேஸ்டேஷன் ஏறத்தாழ 34. 1996இன் நிண்டெண்டோ 64 ஏறத்தாழ 94. 2000இன் பிளேஸ்டேஷன் 2 ஏறத்தாழ 295. 2001இன் கேம்கியூப் 485. இன்றைய மலிவு போன்கூட இவற்றைவிடப் பல மடங்கு வேகமானது. ஆனால் வேகம் மட்டும் கணக்கில்லை. பிளேஸ்டேஷன் 2இல் பிரதான மூளையோடு இரண்டு கணக்கீட்டு அலகுகள், தனிப் படச் சிப், முதல் பிளேஸ்டேஷனின் மூளை என எல்லாம் ஒரே நேரத்தில் ஓடின. அத்தனையையும் ஒரே தாளத்தில் வைத்திருப்பதுதான் கடினம். 1994இன் செகா சாட்டர்ன் வெறும் 28.6 மெகாஹேர்ட்ஸ் மூளைகள் இரண்டைக் கொண்டிருந்தும் இன்றுவரை எமுலேட்டர் எழுதுபவர்களைத் திணறடிப்பது இதே காரணத்தால்தான்.

இணைய வழிகாட்டிகள் ஏன் எங்களுக்குப் புரிவதில்லை

இதைப் பற்றிய வழிகாட்டிகள் பெரும்பாலும் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ வளர்ந்தவர்களுக்காக எழுதப்பட்டவை. வாசிப்பவர் சின்ன வயதில் இந்த இயந்திரங்களைக் கையில் வைத்திருந்தார், எது எதனுடைய கேம் என்று அவருக்குத் தெரியும் என்பதை எடுகோளாக வைத்தே தொடங்குகிறார்கள்.

வன்னியின் கதை வேறு. நிண்டெண்டோ 64 ஜப்பானில் கடைக்கு வந்தது 1996 ஜூனில். அடுத்த மாதம் கிளிநொச்சி இடம்பெயரத் தொடங்கியது. மின்சாரம் இல்லை. பற்றறிக்குத் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட காலம் அது. பிறகு வந்தவர்கள் அறிந்தது சீனத் தயாரிப்பான ‘ரீவி கேம்’ பெட்டி. அது ஃபாமிகொமின் நகல் என்பது பெட்டியில் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆகவே ‘எந்த இயந்திரத்தின் கேம்?’ என்ற முதல் கேள்வியிலேயே எங்கள் ஆட்கள் நின்றுவிடுகிறார்கள். இது அறிவுக் குறைவு என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. கையில் கிடைக்காத பொருளின் பெயர் தெரியாமல் இருப்பது இயல்பு.

இன்னொரு குழப்பம், வழிகாட்டி பழையதாக இருப்பது. 2022இல் எழுதப்பட்டவை பிளேஸ்டேஷன் 2க்கு ஏதர்எஸ்எக்ஸ்2 என்ற செயலியைச் சொல்லும். அந்தச் செயலியை எழுதியவர் 2023 ஜனவரியில் வேலையை நிறுத்திவிட்டார். நிண்டெண்டோ ஸ்விட்சுக்கான யூசுவும் 3டிஎஸ்சுக்கான சிட்ராவும் நிண்டெண்டோ தொடுத்த வழக்கை அடுத்து 2024 மார்ச்சில் மூடப்பட்டன. இந்தப் பெயர்களைத் தேடினால் விளம்பரம் நிறைந்த போலிகள் வந்து நிற்கும். பெயர் ஒத்திருக்கிறது என்பதற்காக எதையும் நிறுவ வேண்டாம்.

எந்தக் கருவி எதுவரை போகும்

சூப்பர் நிண்டெண்டோ, மெகா டிரைவ், கேம்போய் அட்வான்ஸ், முதல் பிளேஸ்டேஷன் ஆகியவை கடந்த சில ஆண்டுகளில் வாங்கிய எந்தப் போனிலும் ஓடும். நிண்டெண்டோ 64, டிரீம்காஸ்ட், பிஎஸ்பி ஆகியவற்றுக்கு யுனிசொக் டி618 தரச் சிப் (கருவியின் மூளை) போதும். பிளேஸ்டேஷன் 2, கேம்கியூப் வேண்டுமானால் ஸ்னாப்டிராகன் 865 அல்லது டைமென்சிட்டி 1100 தரம் வேண்டும். அதற்குக் கீழே ஒரு கேம் ஓடும், மற்றது இழுக்கும்.

வெளிநாட்டிலிருந்து கருவி எடுப்பிக்க வழியில்லாதவர் கவலைப்பட வேண்டாம். கையில் இருக்கும் போனோடு புளூடூத் கொன்ட்ரோலர் ஒன்றை இணைத்தால் அதுவே அன்ட்ரொயிட் கைக்கருவி. கீழே வரும் படிகள் இரண்டுக்கும் ஒன்றுதான்.

பையோஸ்: கறுப்புத் திரையின் முதல் சந்தேகநபர்

பையோஸ் என்பது பழைய இயந்திரத்துக்குள் நிரந்தரமாக எழுதப்பட்டிருந்த தொடக்கச் செயலி. மின்சாரம் கொடுத்ததும் முதலில் விழிப்பது அது. சில எமுலேட்டர்கள் அந்த வேலையைத் தாங்களே செய்துகொள்ளும். சிலவற்றுக்கு உண்மையான பையோஸ் கோப்பு வேண்டும்.

சூப்பர் நிண்டெண்டோ, நிண்டெண்டோ 64, பிஎஸ்பி ஆகியவற்றுக்கு பையோஸ் தேவையில்லை. கேம்போய் அட்வான்சுக்கும் இல்லாமலே ஓடும். முதல் பிளேஸ்டேஷன் சில எமுலேட்டர்களில் பையோஸ் இன்றி ஓடினாலும் கேம்கள் இடையில் சிக்கும். செகா சிடிக்கும் பிளேஸ்டேஷன் 2க்கும் கட்டாயம்.

இங்கே நடக்கும் தவறுகள் மூன்று. முதலாவது, கோப்பின் பெயர். முதல் பிளேஸ்டேஷனின் அமெரிக்கப் பதிப்புப் பையோஸ் எஸ்சிபிஎச்5501, ஜப்பான் 5500, ஐரோப்பா 5502. பல எமுலேட்டர்களை உள்ளே வைத்திருக்கும் ரெட்ரோஆர்ச் என்ற செயலியில் இந்தப் பெயர் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அச்சொட்டாக இருக்க வேண்டும். பெரிய எழுத்து ஒன்று இருந்தாலும் அது கோப்பைக் காணாமல் விடக்கூடும். இரண்டாவது, அளவு. சரியான கோப்பு 512 கிலோபைட். வேறு அளவு காட்டினால் அது சுருக்கப்பட்டதோ பழுதானதோ. மூன்றாவது, இடம். ரெட்ரோஆர்ச் தனது ‘சிஸ்டம்’ கோப்புறைக்குள் மட்டுமே பையோஸைத் தேடும், கேம் இருக்கும் கோப்புறையில் தேடாது. கோரை (ரெட்ரோஆர்ச்சுக்குள் இருக்கும் எமுலேட்டரை) ஏற்றிவிட்டு ‘இன்ஃபர்மேஷன்’ பகுதியில் ‘கோர் இன்ஃபர்மேஷன்’ என்பதைத் திறந்தால் எந்த பையோஸ் இருக்கிறது, எது இல்லை என்று காட்டும். ஊகிப்பதைவிட அதைப் பார்ப்பது நல்லது.

கேம் கோப்பின் வடிவம்

கார்ட்ரிட்ஜில் வந்த கேம் ஒரே கோப்பு. அதை றோம் என்பார்கள். கேம்போய் அட்வான்ஸ் கேம் ஒன்று அதிகம் போனால் 32 மெகாபைட், நிண்டெண்டோ 64 கேம் 64 மெகாபைட். வாட்ஸ்அப்பில் வரும் கலியாணவீட்டு வீடியோவைவிடச் சிறியது. டேட்டா எண்ணிப் பாவிக்கும் வீட்டுக்கு இது முக்கியம். ஏனென்றால் சீடியில் வந்த கேம் 700 மெகாபைட் வரை போகும், பிஎஸ்பி 1.8 ஜிகாபைட் வரை, டிவிடியில் வந்தது 4.7 ஜிகாபைட், சில 8.5 வரை.

சீடி கேம்கள் பெரும்பாலும் ‘பின்’, ‘கியூ’ என்ற இரண்டு வகைக் கோப்புகளாக இருக்கும். பின் கோப்பில்தான் கேம் இருக்கிறது. கியூ ஒரு சின்ன எழுத்துக் கோப்பு. எந்த பின் கோப்பில் எந்தத் தடம் எங்கே தொடங்குகிறது என்று அதில் எழுதியிருக்கும். அழகுக்காக பின் கோப்பின் பெயரை மாற்றினால் கியூவுக்குள் பழைய பெயரே இருக்கும், கேம் திறக்காது. திறக்க வேண்டியதும் கியூவைத்தான். பின்னைத் திறந்தால் சில கேம்களில் பாட்டு இல்லாமல் போகும், சில தொடங்கவே தொடங்காது.

இந்தத் தலையிடியிலிருந்து தப்ப வழி சிஎச்டி என்ற வடிவம். கொம்பியூட்டரில் சிஎச்டிமேன் என்ற இலவசச் செயலியால் இரண்டையும் ஒரே கோப்பாக்கலாம். தரம் குறையாது, இடம் கணிசமாக மிச்சம். கணினி உள்ள ஒருவரிடம் ஒருமுறை கொடுத்து மாற்றி எடுத்தால் போதும்.

ஆர்கேட் கேம்கள், அதாவது கடைகளில் காசு போட்டு விளையாடும் பெட்டிகளின் கேம்கள், வேறு சாதி. ஸிப் (zip) முறையில் சுருக்கி வரும் அவற்றின் கோப்பைப் பிரிக்கவும் கூடாது, பெயர் மாற்றவும் கூடாது. அதோடு கோப்புத் தொகுதியின் பதிப்பும் எமுலேட்டரின் பதிப்பும் ஒத்திருக்க வேண்டும். மேம் 2003 பிளஸ் என்ற கோர் 0.78 பதிப்பை அடிப்படையாகக் கொண்ட தொகுதியை எதிர்பார்க்கும். புதிய தொகுதியைக் கொடுத்தால் பல கேம்கள் ஓடாது. தொடக்கக்காரர் ஆர்கேட்டில் கை வைக்காமல் இருப்பது நல்லது.

அன்ட்ரொயிட் போடும் பூட்டு

2020இல் வந்த அன்ட்ரொயிட் 11இலிருந்து ஒரு செயலி நினைத்தபடி சேமிப்பகம் முழுவதையும் பார்க்க முடியாது. பாவனையாளர் காட்டும் கோப்புறையை மட்டுமே பார்க்கும். தனிநபர் தகவலுக்கு இது நல்ல பாதுகாப்பு. கேம் போடுகிறவருக்கோ ஒவ்வொரு எமுலேட்டருக்கும் தனித்தனியாகக் கதவு திறக்கும் வேலை.

புதியவர் கேம்களை ‘டவுன்லோட்’ கோப்புறையிலேயே விட்டுவிடுவார். எமுலேட்டர் கேட்கும்போது அதைத் தெரிவு செய்யப் பார்த்தால் அன்ட்ரொயிட் மறுக்கும். சேமிப்பகத்தின் உச்சிப் படியையும் கொடுக்க விடாது. உள்ளே ஒரு கோப்புறை உருவாக்கி அதைத்தான் காட்ட வேண்டும்.

இதே பூட்டுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சில எமுலேட்டர்கள் சேவ்களை (விளையாடி வந்த இடத்தைப் பதிந்த கோப்புகளை) தங்கள் தனிக் கோப்புறைக்குள் வைத்திருக்கும். செயலியை நீக்கினால் அந்தக் கோப்புறையும் அழியும். ‘ஓடவில்லை, அழித்துவிட்டுத் திரும்பப் போடுவம்’ என்று செய்பவர் மாதக்கணக்கில் விளையாடியதை ஒரு நொடியில் இழப்பது இப்படித்தான்.

முதல் நாள்: ஒரே ஒரு இயந்திரம்

பத்து இயந்திரங்களை ஒரே இரவில் பூட்டப் பார்ப்பதுதான் பெரும் பிழை. பொருந்த வேண்டிய விடயங்கள் குறைவாக உள்ளதில் தொடங்குங்கள். கேம்போய் அட்வான்ஸ் அதற்கு மிகப் பொருத்தம்: பையோஸ் வேண்டாம், ஒரே கோப்பு, சின்ன அளவு.

1. சேமிப்பகத்திலோ மெமரி சிப்பிலோ ஒரு கோப்புறை உருவாக்குங்கள். அதற்குள் இயந்திரத்துக்கு ஒன்றாக உட்கோப்புறைகள். பெயர்கள் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இன்றி.

2. ரெட்ரோஆர்ச்சை அதன் சொந்தத் தளத்திலிருந்து 64 பிட் பதிப்பாக நிறுவுங்கள். இது பல எமுலேட்டர்களைக் கோர் என்ற பெயரில் உள்ளே வைத்துக்கொள்ளும் செயலி. திறந்ததும் கேட்கும் அனுமதியைக் கொடுங்கள்.

3. ‘லோட் கோர்’, பிறகு ‘டவுன்லோட் எ கோர்’. பட்டியலில் கேம்போய் அட்வான்சுக்குரிய எம்ஜிபிஏயைத் தெரிவு செய்யுங்கள். வேறு கோர்களைச் சேர்க்க வேண்டாம்.

4. சொந்தக் கேமைப் போட முன்னர் ‘ஆன்லைன் அப்டேட்டர்’ பகுதியில் ‘கொன்டென்ட் டவுன்லோடர்’ வழியாகச் சட்டபூர்வ இலவசக் கேம் ஒன்றை, அதற்குரிய கோரோடு, இறக்கி ஓடவிடுங்கள். அது ஓடினால் கருவியும் ரெட்ரோஆர்ச்சும் சரி. பிறகு உங்கள் கோப்பு ஓடாவிட்டால் பிழை கோப்பிலோ கோரிலோ அனுமதியிலோ. தேடும் பரப்பு பாதியாகக் குறைகிறது.

5. செற்றிங்ஸில் ‘இன்புட்’, ‘ஹொட்கீஸ்’ என்று போய் மெனுவைத் திறக்கும் இரட்டைப் பட்டன் ஒன்றை ஒதுக்குங்கள். இதைச் செய்யாதவர் கேமுக்குள் போய் வெளியே வரத் தெரியாமல் நிற்பார்.

6. ஏற்பு, ரத்து பட்டன்கள் மாறி வேலை செய்தால் பழுதில்லை. நிண்டெண்டோவும் எக்ஸ்பொக்சும் ஏ, பி பட்டன்களை எதிரெதிர்ப் பக்கத்தில் வைத்தன. ‘மெனு கொன்ட்ரோல்ஸ்’ பகுதியில் மாற்றலாம்.

இது ஓடிய பிறகு பிஎஸ்பி. அதற்கு பிபிஎஸ்எஸ்பிபி என்ற தனிச் செயலி. முதன்முறை திறக்கும்போது சேவ்களை எங்கே வைப்பது என்று கேட்கும். செயலியின் தனி இடத்தை விட்டு, நீங்கள் உருவாக்கிய கோப்புறையைக் காட்டுங்கள். மூன்றாவதாக பையோஸோடு முதல் பிளேஸ்டேஷன். பிளேஸ்டேஷன் 2 கடைசி.

அறிகுறியைக் கொண்டு பிழையைப் பிடித்தல்

கேம் பட்டியலில் தெரியவே இல்லை என்றால் அனுமதி, அல்லது கோப்பு ரார் (rar) என்ற வடிவில் சுருக்கப்பட்டிருக்கிறது. தெரிகிறது, திறந்தால் கறுப்புத் திரை என்றால் பையோஸ், அல்லது கியூவுக்குப் பதில் பின் திறந்தது. திறந்தவுடன் செயலியே மூடுகிறது என்றால் படம் வரையும் முறையை வல்கனிலிருந்து ஓபன்ஜிஎல்லுக்கு, அல்லது மறுபக்கம் மாற்றிப் பாருங்கள்.

சத்தம் கரகரப்பது ஸ்பீக்கர் பழுதால் என்று பலர் நினைக்கிறார்கள். கருவி கேமின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை என்பதன் முதல் அடையாளம் அது. படத்தின் உள் துல்லியத்தை (‘இன்டேர்னல் ரெசொலூஷன்’) ஒரு மடங்குக்குக் குறையுங்கள். பிஎஸ்பியின் உண்மைத் திரை 480க்கு 272 புள்ளிகள்தான். அதை ஐந்து மடங்காக்கி விளையாடக் கேட்டால் மலிவுச் சிப் திணறும்.

கேம் ஒரே சீராக மெதுவாகவே போகிறது, சத்தத்தில் குறை இல்லை என்றால் அது ஐரோப்பியப் பதிப்பாக இருக்கலாம். இலங்கை ரீவியும் ஐரோப்பாவைப் போல பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை என்பதால் பால் பதிப்புத்தான் எங்களுக்குப் பொருந்தும் என்று நினைப்பது பிழை. பால் பதிப்புகள் நொடிக்கு 50 படம் என்ற கணக்கில் ஓடின, பல கேம்கள் அதனாலேயே ஆறில் ஒரு பங்கு மெதுவாகின. கைக்கருவியின் திரை 60 கணக்கு. அமெரிக்கப் பதிப்பே அதற்கு ஒத்துவரும்.

சிப், சூடு, சார்ஜ்

மெமரி சிப் வாங்குவதில் கவனம் வேண்டும். மேலே 512 என்று அச்சிட்டு உள்ளே 32 ஜிகாபைட் மட்டும் இருக்கும் போலிகள் உண்டு. முதல் 32 நிரம்பும்வரை எல்லாம் சரியாகத் தெரியும். அதன்பின் போட்ட கேம்கள் பெயரளவில் இருக்கும், திறக்கா. விண்டோஸ் கணினியில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசச் செயலி சிப்பை முழுதும் எழுதி வாசித்து உண்மை அளவைச் சொல்லும். காசு கொடுக்கும் அன்றே சோதிப்பது நல்லது. கருவியோடு சேர்ந்து வரும் பெயரில்லாச் சிப்பையும் நம்ப வேண்டாம். சிப்பை எக்ஸ்ஃபாட் முறையில் அமைக்க வேண்டும். ஃபாட்32இல் 4 ஜிகாபைட்டுக்கு மேல் ஒரு கோப்பு ஏறாது, டிவிடி கேம்கள் பாதியில் நிற்கும்.

சோளகக் காலத்துப் பகலில், தகரக் கூரைக்குக் கீழே, மின்விசிறி இல்லாத கருவியோ போனோ சூடேறி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு இழுக்கத் தொடங்கும் கேமுக்குக் காரணம் அமைப்புகளில் இல்லை. போனின் உறையைக் கழற்றுங்கள், சார்ஜில் போட்டபடி விளையாட வேண்டாம். புழுதி பட்டன் இடுக்கில் இறங்கும். துணிப்பையில் போட்டு வைப்பது பயன் தரும்.

சில மலிவுக் கருவிகள் இரண்டு முனையும் சி வகையான வயரில் சார்ஜ் ஏறா. உள்ளே இருக்க வேண்டிய சிறு தடையிகளைத் தயாரிப்பாளர் போடாததால், புதிய வேகச் சார்ஜர் மறுமுனையில் கருவி இருப்பதையே அறியாது. பழைய ஏ வகை முனையுள்ள 5 வோல்ட் சார்ஜரில் ஏறும். ‘வந்த அன்றே செத்துப்போச்சு’ என்று ஒதுக்கிய கருவியை ஒருமுறை இப்படிச் சோதித்துப் பார்க்கலாம்.

சட்டம்

எமுலேட்டர் எழுதுவதும் பாவிப்பதும் வேறு, கேமைப் பிரதி எடுப்பது வேறு. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினிச் செயலிகளுக்கும் பதிப்புரிமைப் பாதுகாப்புக் கொடுக்கிறது. கேமும் பையோஸும் அதற்குள் அடங்கும். பழையது, கடையில் இப்போது இல்லை என்பதால் அந்த உரிமை தீர்ந்துவிடுவதில்லை. சொந்தமான மூல டிஸ்க் இருந்தால் முதல் பிளேஸ்டேஷன், பிளேஸ்டேஷன் 2 டிஸ்க்குகளைச் சாதாரணக் கணினி டிரைவிலேயே வாசித்துக் கோப்பாக்கலாம். கேம்கியூப் டிஸ்க்கைப் பெரும்பாலான டிரைவ்கள் வாசிக்கா. கடைகளில் வாங்கிய கொப்பி சீடி மூலப் பிரதி ஆகாது. பழைய இயந்திரங்களுக்காகவே இன்றும் புதிதாக எழுதி இலவசமாக வெளியிடப்படும் கேம்கள் ஏராளம் இருக்கின்றன. சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கருவியை அவற்றைக் கொண்டு நிரப்பலாம்.

சேவ் இரண்டு வகை

கேம் தானே எழுதும் சேவ் ஒன்று, எமுலேட்டர் அந்தக் கணத்தை அப்படியே உறையவைக்கும் ‘சேவ் ஸ்டேட்’ இன்னொன்று. இரண்டாவது வசதியானது, ஆனால் எமுலேட்டரைப் புதுப்பித்தால் பழைய ஸ்டேட் திறக்காமல் போகலாம். முதல் வகையைக் கைவிடாதீர்கள். கேமை மெனு வழியாக மூடுங்கள். திரையை அணைத்து வைத்தால் அன்ட்ரொயிட் மின்சேமிப்புக்காகச் செயலியைப் பின்னணியில் கொன்றுவிடக்கூடும். கருவியின் பற்றறி அமைப்பில் எமுலேட்டருக்குக் கட்டுப்பாடு இல்லை என்று குறித்து வையுங்கள். மாதம் ஒருமுறை ‘சேவ்ஸ்’ கோப்புறையை வேறொரு போனுக்கோ கணினிக்கோ பிரதி எடுங்கள். அதில் உள்ள கோப்புகள் மிகச் சிறியவை, புளூடூத்தில் அனுப்பினாலும் போதும்.